கொள்ளிடக் கரையில் பார்த்தது சிறுத்தைக் குட்டியா: அருகில் போகாமல் விலங்குகளை அடையாளம் காண்பது குறித்து

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. சென்னையில் வசிக்கிறீர்கள், பொங்கல் விடுமுறைக்குப் பிள்ளைகள் இருவருடன் கும்பகோணத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையோரம் இருக்கும் சொந்த ஊருக்குப் போகிறீர்கள். சென்ற முறை அந்தி நேரத்தில் வீட்டுப் பூனையைவிடப் பெரிய ஒரு விலங்கு, உடம்பில் புள்ளி இல்லாமல், வாலில் வளையங்களோடு வரப்பைக் கடந்து நாணலுக்குள் புகுந்ததைப் பார்த்தீர்கள். ஊரில் அதைச் சிறுத்தைக் குட்டி என்றார்கள். அது என்ன என்றும், பிள்ளைகளுக்கு விலங்குகளைக் காட்டும்போது எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது. கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தானே இன்னது என்று சொல்ல முடியும், கிட்டத்தில் போனால் ஆபத்தாயிற்றே என்பதே அது. விலங்கியல் படித்து, டெல்டாக் கல்லூரிகளில் அதையே கற்பித்து, மாணவர்களை வரப்பிலும் படுகையிலும் கோடியக்கரையிலும் அழைத்துத் திரிந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அடையாளம் காண்பதற்கு நெருக்கம் தேவையே இல்லை. எந்த இடம், எந்த நேரம், எப்படி நடந்தது, எதை விட்டுச் சென்றது என்ற நான்கும் தெரிந்தால் பெரும்பாலான விலங்குகளுக்குப் பெயர் சொல்லிவிடலாம்; சொல்ல முடியாதவற்றைப் பெயர் தெரியாமலே விட்டுவிடுவதில் நட்டம் ஒன்றும் இல்லை.

முதலில் உங்கள் விலங்கு. நெல் வயல், நாணல், அருகில் தண்ணீர், அந்தி நேரம் என்று நீங்கள் தரும் சூழல் காட்டுப்பூனைக்கு அப்படியே பொருந்துகிறது. டெல்டாவில் அது வாழ்வதே எலியை நம்பித்தான். கதிர் முற்றும் காலத்தில் வயலில் எலி பெருகும்போது பகலில்கூட வரப்பில் தென்படும். அதன் கால்கள் வீட்டுப் பூனையின் கால்களைவிட நீளமானவை. உடம்பு மணல் நிறமாக, புள்ளிகள் இல்லாமல் இருக்கும். காது நுனியில் சிறிது கறுப்பு மயிர் நிற்கும். வால்தான் முக்கியம். உடம்போடு ஒப்பிட்டால் வால் குட்டையானது. அதன் கடைசிப் பகுதியில் மட்டும் சில கருவளையங்களும் கறுப்பு நுனியும் இருக்கும். புனுகுப்பூனைக்கோ வால் முழுவதும், அடியிலிருந்து நுனிவரை, வளையங்கள் ஓடும். கால்கள் குட்டை, முகம் கூர்மை, உடம்பில் வரிசையாகப் புள்ளிகள். அந்தி வெளிச்சத்தில் அந்தப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்பதால், ‘புள்ளி இல்லை’ என்ற உங்கள் நினைவை மட்டும் வைத்து நான் முடிவு கட்ட மாட்டேன். வளையம் வால் நுனியில் மட்டும் இருந்ததா, வால் முழுவதுமா? நடக்கும்போது வயிறு தரையிலிருந்து நன்றாக உயர்ந்திருந்ததா, தாழ்ந்திருந்ததா? நுனியில் மட்டும், உயர்ந்து என்றால் காட்டுப்பூனை. முழுவதும், தாழ்ந்து என்றால் புனுகுப்பூனை. இரண்டில் எது என்பது ஐயத்துக்குரியது. இரண்டும் மனிதரைக் கண்டால் விலகிப் போகிறவை என்பது உறுதி.

சிறுத்தைக் குட்டி அன்று என்பதையும் அதே உறுதியோடு சொல்லலாம். சிறுத்தையின் வால் நீளமானது, ஏறக்குறைய உடம்பின் நீளத்தை நெருங்குவது. புள்ளிகள் குட்டிப் பருவத்திலேயே உடம்பெங்கும் இருக்கும். பூனையைவிடச் சற்றே பெரிதாக இருக்கும் வயதில் அது தாயை விட்டுத் தனியே வயல்வெளியில் திரியாது. ஊரார் அப்படிச் சொன்னதிலும் குற்றம் காண வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில் மயிலாடுதுறை நகருக்குள்ளேயே ஒரு சிறுத்தை கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி, வனத்துறையினர் பல நாள் தேடினார்கள். டெல்டாவில் சிறுத்தை நிலையாக வாழ்வதில்லை. ஆனால் ஆற்றுப் படுகை வழியே எப்போதாவது ஒன்று வந்து சேரலாம் என்பது அன்று எல்லாருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு பூனைத் தடம் ஒவ்வொன்றும், சில ஊர்களில் நாய்த் தடமும்கூட, சிறுத்தைத் தடம் ஆகிவிட்டது. சேற்றில் தடம் பார்க்க நேர்ந்தால் இதைக் கவனியுங்கள். நாய், நரி இவற்றின் தடத்தில் விரல்களுக்கு முன்னே நகக்குறிகள் குத்தியிருக்கும். பூனை இனம் நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் பொதுவாகக் குறி விழாது. பூனை இனத்தின் உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பில் மூன்று மடிப்புகள் தெரியும். அளவைக் காட்ட ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து நேர் மேலிருந்து படம் எடுங்கள். ஈரச் சேற்றில் தடம் விரிந்து உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஐயம் பெரிதாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமோ வனத்துறையிடமோ தெரிவித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள். தடத்தைப் பின்தொடர்ந்து போக வேண்டாம்.

எவ்வளவு தூரம் என்பதற்கு எல்லா விலங்குக்கும் பொருந்தும் ஒரே எண்ணைச் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். விலங்கின் நடத்தையே அளவுகோல். மேய்ந்துகொண்டிருந்தது தலை தூக்கி உங்களைப் பார்த்தால், உறங்கிக்கொண்டிருந்தது எழுந்தால், குட்டியோடு இருந்தது குட்டிக்கும் உங்களுக்கும் நடுவே வந்து நின்றால், நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். திரும்பி ஓடாமல், முகத்தை அதன் பக்கமே வைத்து, மெல்லப் பின்வாங்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே வீட்டில் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம். எட்டு மடங்கு பெரிதாக்கும், நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் முன்லென்சு உள்ள பைனாகுலர் ஒன்று கையில் இருந்தால், எண்பது மீட்டரில் நிற்கும் விலங்கு பத்து மீட்டரில் நிற்பதாகத் தெரியும். அதற்குமேல் நெருங்க வேண்டிய தேவை மிகக் குறைவு. கைப்பேசியை நீட்டிக்கொண்டு இன்னும் நாலடி, இன்னும் நாலடி என்று போகிறவர்கள்தான் பெரும்பாலும் கடியும் கீறலும் வாங்குகிறார்கள்.

இந்த அளவுகோல் பாம்புக்குப் பொருந்தாது. பாம்பு பல நேரம் அசையாமலே கிடக்கும். தை மாதம் சம்பா அறுவடைக் காலம். எலியைத் தேடி வயலுக்கு வந்த பாம்புகள், அறுவடை நடக்க நடக்க வரப்புக்கும் வைக்கோல் போருக்கும் ஒதுங்கும். பனிக்காலக் காலையில் கண்ணாடி விரியன் வெயில் காய வரப்பில் கிடப்பதும் உண்டு. தடித்த உடல், கழுத்திலிருந்து பிரிந்து தெரியும் முக்கோணத் தலை, முதுகில் சங்கிலிபோல் மூன்று வரிசையாக ஓடும் கரும்பழுப்பு நீள்வட்டப் புள்ளிகள் என்பன அதன் அடையாளம். சீண்டினால் பிரஷர் குக்கர் போல நீண்டு சீறும். ஆனால் மிதிக்கும்வரை சீறாமல் இருந்ததும் உண்டு, ஆகவே சத்தத்தை நம்ப வேண்டாம். இதையே மலைப்பாம்புக் குட்டி என்றோ மண்ணுளி என்றோ எண்ணிக் கையில் எடுப்பதுதான் வயல்வெளியில் நடக்கும் மிக ஆபத்தான தவறு. மண்ணுளியின் வால் மழுங்கி, சட்டென்று முடிந்துவிடும். அதன் தலைக்கும் கழுத்துக்கும் வேறுபாடு தெரியாது.

கட்டுவிரியனையும் வெள்ளிக்கோல் வரையனையும் மக்கள் இன்னும் அதிகமாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னது கொடிய நஞ்சுடையது. பின்னது நஞ்சற்றது, வீட்டுச் சுவரில் பல்லி பிடிக்க ஏறுவது. இரண்டிலும் குறுக்கே வெள்ளைப் பட்டைகள் உண்டு. கட்டுவிரியனில் பட்டைகள் தலைப் பக்கம் மங்கியோ இல்லாமலோ இருந்து, வால் பக்கம் போகப் போகத் தெளிவடையும். வெள்ளிக்கோல் வரையனில் தலைப் பக்கம் தெளிவாகவும் அகலமாகவும் தொடங்கி, வால் பக்கம் மங்கி மறையும். இந்த வேறுபாடு வளர்ந்த பாம்புகளில் பெரும்பாலும் கைகொடுக்கும், குட்டிகளில் ஏமாற்றும். தண்ணீர்ப் பாம்பு கழுத்தைத் தட்டையாக்கி நல்ல பாம்பு போல மிரட்டும். சாரை நீளத்தாலும் வேகத்தாலும் நல்ல பாம்பு என்று அடிபட்டுச் சாகும். சாரையின் உதட்டோரம் செங்குத்தான கருங்கோடுகள் இருக்கும்; தண்ணீர்ப் பாம்பின் கண்ணுக்குக் கீழே இரண்டு சாய்ந்த கருங்கோடுகள் இருக்கும். நல்ல பாம்பும் சாரையும் இணை சேரும் என்பது ஊர்ப் பேச்சு. நடப்பது இரண்டு ஆண் சாரைகளின் சண்டை. சுருட்டை விரியன் வறண்ட, மணற்பாங்கான இடங்களை விரும்புவதால் நெல் வயல் நடுவே அதைப் பார்ப்பது அரிது. கடற்கரைப் பக்கம் போனால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவ்வளவும் பாம்பைத் தூரத்திலிருந்து பார்த்து ரசிப்பதற்காகச் சொன்னது. கடித்த பிறகு எந்தப் பாம்பு என்று தேடுவதற்காக அன்று. நான் மருத்துவர் அல்ல என்பதால் சிகிச்சையைப் பற்றி அடிப்படையை மட்டும் சொல்கிறேன். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. அதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி, 1978இல் தொடங்கப்பட்டு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. ஆகவே பாம்பை அடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. அடிக்கப் போய் இரண்டாமவரும் கடிபட்ட சம்பவங்கள் உண்டு. மருத்துவர்கள் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். இமை தொங்குகிறதா, மூச்சுத் திணறுகிறதா என்று கவனிப்பார்கள். அவற்றைக் கொண்டே மருந்தை முடிவு செய்வார்கள். உங்கள் வேலை கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் ஒரு சட்டம் வைத்துத் தளர்வாகக் கட்டுவது, மோதிரம், கொலுசு, மெட்டி ஆகியவற்றைக் கழற்றுவது, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐ அழைப்பது அல்லது கிடைக்கும் வண்டியில் புறப்படுவது. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை தேடுவது எதுவும் கூடாது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில் தூங்குகிறவரைக் கடிப்பது. வலி குறைவு, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். ஊர் வீட்டில் தரையில் படுக்கும் வழக்கம் இருந்தால் பிள்ளைகளைக் கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுக்க வையுங்கள். விடியலில் காரணம் தெரியாத வயிற்று வலி, வாந்தி, கண் இமை சரிவு என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அணைக்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவீர்கள் என்று நினைக்கிறேன். 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணை அங்கேதான் இருக்கிறது. அந்தப் பகுதி ஆற்றில் சதுப்புநில முதலைகள் வாழ்கின்றன. எச்சரிக்கைப் பலகைகள் அலங்காரத்துக்கு வைக்கப்பட்டவை அல்ல. தை மாதக் காலையில் குளிர்ந்த உடம்பைச் சூடேற்ற முதலைகள் மணல் திட்டில் ஏறிக் கிடப்பதால், பாலத்தின் மேல் நின்றபடி பைனாகுலரில் பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை. தண்ணீரில் இருக்கும்போது கண்ணும் மூக்கு நுனியும் மட்டும் தெரியும். மிதக்கும் மரக்கட்டை நீரோட்டத்தோடு போகும், முதலை நீரோட்டத்துக்கு எதிரே நிற்கவும் செய்யும். கரையில் தொலைவில் கிடப்பது உடும்பா முதலைக் குட்டியா என்ற குழப்பம் அடிக்கடி வரும். உடும்புக்கு நீண்ட கழுத்து உண்டு, பிளந்த நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். முதலைக்குக் கழுத்தே இல்லாதது போலத் தெரியும், நாக்கு வெளியே வராது. முதலைக் குட்டி என்றால் தாய் பக்கத்தில் இருக்கும் என்று கொள்ளுங்கள். முதலையின் ஆபத்து நீர் விளிம்பில்தான். விளிம்பிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி நிற்பது, கை கால் கழுவ இறங்காதிருப்பது, பிள்ளைகளை அங்கே குந்த விடாதிருப்பது ஆகியவை இந்தப் பதிலில் நான் விட்டுக்கொடுக்காமல் சொல்லும் விதி.

அதே ஆற்றில் நீர்நாய்களும் உண்டு. பார்க்கக் கொடுத்து வைத்திருந்தால் பிள்ளைகள் அதைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். தூரத்தில் கீரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கீரி தனியாகவோ இணையாகவோ போகும், அதன் மயிர் நரைத்த சாம்பலாய் விறைத்து நிற்கும், வால் நுனியை நோக்கிக் கூர்ந்து மெலியும். நீர்நாய் குடும்பமாகத் திரியும், சீழ்க்கை போன்ற குரல் கொடுத்துக்கொள்ளும், மயிர் உடம்போடு ஒட்டி வழவழப்பாய் இருக்கும், வால் அடியில் தடித்துத் தட்டையாய் இருக்கும். அவற்றைக் காணாமலே அவை இருப்பதை அறிய முடியும். மணல் திட்டில் மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்த, மீன் நாற்றம் அடிக்கும் எச்சம் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அது நீர்நாய் வந்து போகும் இடம். ஐந்து விரல் தடமும் பக்கத்தில் இருக்கும். அந்த இடத்துக்கு எதிர்க்கரையில், மறைவாக, விடிந்த உடனே போய் உட்காருங்கள். குட்டிகளோடு இருக்கும் கூட்டத்தின் பக்கம் போகாதீர்கள், கூட்டமாய்க் கடிக்கும்.

விலங்கைவிட எனக்கு அதிகக் கவலை தருவது ஒன்று உண்டு. பன்றிக்கும் எலிக்கும் என்று சிலர் வயலைச் சுற்றித் திருட்டுத்தனமாக மின்கம்பி இழுக்கிறார்கள். சட்டப்படி குற்றம்; இருட்டில் கண்ணுக்குத் தெரியாது; ஈர மண்ணில் நிற்கும் மனிதரைக் கொன்றுவிடும். இரவில் அறியாத வயலில் நுழையாதீர்கள். நுழைய வேண்டுமானால் வயலுக்கு உரியவரிடம் கேட்டுவிட்டு, அவரோடு போங்கள். வரப்பில் நடக்கும்போது முழங்கால்வரை கம்பூட், கையில் டார்ச். கண்ணால் பார்த்த இடத்தில் மட்டும் கால், வைக்கோல் போரிலும் கல் இடுக்கிலும் கை வைப்பதில்லை. பகலில் அறுவடை இயந்திரம் ஓடும் வயலுக்கு எதிர் வரப்பில், நன்றாகத் தள்ளி, ஓட்டுநருக்குத் தெரியும்படி நில்லுங்கள். கடைசியாக அறுபடாமல் நிற்கும் சிறு பத்தையிலிருந்துதான் காட்டுப்பூனை, கீரி, சாரை எல்லாம் வெளியேறும். அவை ஓடும் வழியில் மட்டும் நிற்கக் கூடாது.

மாலையில் நரிகளின் ஊளை கேட்டால் அச்சம் வேண்டியதில்லை. ஒன்று தொடங்கினால் மற்றவை பதில் கொடுக்கும், கூட்டத்தின் பருமன் காதுக்கு உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். பட்டப்பகலில், மனிதரைக் கண்டு அஞ்சாமல், தள்ளாடி நேரே வரும் நரியோ நாயோ கீரியோ வெறிநோய் கண்டதாக இருக்கலாம். அங்கே படம் எடுக்க நிற்காதீர்கள். எந்தப் பாலூட்டி கடித்தாலும் கீறினாலும் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனையில் தடுப்பூசி தொடங்க வேண்டும். காயம் சிறியது என்பது தள்ளிப்போடக் காரணம் ஆகாது.

பாதுகாப்பாக, ஏமாற்றம் இல்லாமல் விலங்கைக் காட்ட வேண்டும் என்றால் ஒரு நாளைக் கோடியக்கரைக்கு ஒதுக்குங்கள். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம் அது. வெளிமான்கள் திறந்த புல்வெளியில் மேய்வதால் வண்டியில் இருந்தபடியே பார்க்கலாம். முறுக்கிய கொம்பும் கருமையேறிய முதுகும் உள்ளது ஆண். பெண்ணுக்குக் கொம்பில்லை, இளம்பழுப்பு நிறம். அங்கேயே புள்ளிமானும் உண்டு. அதன் கொம்பு கிளை விட்டிருக்கும், ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். புல்லில் தனியே படுத்திருக்கும் வெளிமான் குட்டியைக் கண்டால் தாய் கைவிட்டதாக எண்ணித் தொடாதீர்கள். முதல் சில வாரங்கள் குட்டியை ஒளித்து வைத்துவிட்டுத் தாய் தள்ளி மேய்வது அவற்றின் இயல்பு. குரங்குகளுக்கு முன் தின்பண்டப் பையைத் திறக்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்கவும் வேண்டாம். குரங்கு அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளும்.

பார்த்ததை அங்கேயே, பெயர் எழுதாமல், தேதி, நேரம், இடம், அளவு, வால், நடை என்று பிள்ளைகளைக் குறிக்கச் சொல்லுங்கள். பெயரை முதலில் எழுதினால் மீதியைக் கண் அதற்கேற்ப வளைத்துக்கொள்ளும். உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தை ஏற்றலாம். ஆனால் அது உடனே காட்டும் பெயர் ஒரு யூகம் மட்டுமே, பாம்பு விஷயத்தில் அதை நம்பிக் கையை நீட்ட வேண்டாம். நீர்நாய் திட்டு, முதலைக் கூடு, காட்டுப்பூனைக் குட்டிகள் கிடக்கும் நாணல் ஆகியவற்றின் இருப்பிடத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். அந்த விலங்கு மறுபடி வரப்பில் தென்பட்டால், வாலையும் காலையும் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். காட்டுப்பூனையா புனுகுப்பூனையா என்பதை அப்போது உறுதியாகச் சொல்லிவிடலாம்.